காணாமல் போன மெழுகுக் கறை

இந்தக் காலத்து ஆட்களுக்கு பேஸ்பால் ஆட்டக்காரன் படம் போட்ட பழைய அட்டை ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. எவனோ முகம் தெரியாத கம்பெனிக்காரனுக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். அவன் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக்குக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புகிறான். அப்புறம் செத்தவனைச் சவப்பெட்டியில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எமில் ஹோர்னியாக்குக்கு அதை நினைத்தாலே வயிறு எரியும். அட்டை விற்கிறவனை அவர் நம்பமாட்டார். மார்க் போடுகிறவனை அறவே நம்பமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நம்பாதது சொந்த மருமகளை.

"எங்க என் ராய் பெட்ரி?"

அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. கோரீன் திரும்பிப் பார்த்தாள். "உங்க கையிலதானே இருக்கு மாமா!"

"இது என்னுது இல்ல. என் அட்டையில அவன் தொப்பி மேல மெழுகு அப்பியிருக்கும். இதுல எங்க?"

ராய் பெட்ரி முதன்முதலாக ஆடவந்த வருஷத்து அட்டை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு. ஜான்ஸ்டவுன் மளிகைக் கடையில் பையனாக இருந்தபோது வாங்கிய சூயிங்கம் பொட்டலத்திலிருந்து விழுந்தது. பொட்டலத்துக் காகிதத்தின் மெழுகு உருகி, தொப்பிமேல் மங்கலாகப் படிந்திருந்தது. எத்தனை அட்டைகளோடு கலந்தாலும் அந்தக் கறையை வைத்தே தன்னுடையதை எடுத்துவிடுவார். இன்றைக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் அட்டைச் சந்தையில் அதை விற்றுவிட்டு, இடுப்பு முறிந்த மனைவி வெர்னாவுக்கு மாடிப்படியில் ஏறி இறங்கும் மின்நாற்காலி போட வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார்.

"நான்தான் துடைச்சேன்" என்றாள் கோரீன். "நேத்து நீங்க டிவி முன்னால தூங்கிட்டிருந்தப்போ. பழைய நைலான் காலுறையால மெதுவாத் தேய்ச்சா மெழுகு மட்டும் வந்துரும்... எங்கப்பா அப்படித்தான் செய்வார். கறை இருந்தா விலை படுத்துரும் மாமா."

"காலுறையாலயா! அறுபது வருஷக் கறை காலுறைக்குப் போயிருச்சாக்கும்! அசலை ஒளிச்சுட்டுப் போலியை வச்சிருக்கே. இந்தக் கதையை வேற எவன்கிட்டயாவது சொல்லு."

சொல்லிக்கொண்டே நாற்காலியில் தொங்கிய அவளுடைய கைப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரைச் சீட்டு, பஸ் பாஸ், டெட்டின் புகைப்படம். மகன் டெட் இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அவன் போன பிறகும் இவள் ஏன் இந்த வீட்டிலேயே இருக்கிறாள்? அவள் தங்கை ஸ்கிரான்டனில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போகவில்லையே! தன்னுடைய பழைய அட்டைகளுக்காகத்தான் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. இன்றைக்கு அது வெளியே வந்துவிட்டது.

"யோவ் எமில்!" ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வெர்னா வந்தாள். "அந்தப் பொண்ணு பையிலயா கை விட்டே? அவ துடைக்கறப்போ நான் பக்கத்துலதான்யா இருந்தேன்!"

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்த கூட்டு."

"ஆமாய்யா, கூட்டுதான்! என்னைக் குளிப்பாட்டுறதுல கூட்டு. உனக்கு முட்டை பொரிச்சுப் போடறதுல கூட்டு. வேலையை விட்டுட்டு வந்து என் மூத்திரப் பாத்திரம் கழுவினாளே, அதுலயும் கூட்டு..." வெர்னா அழுதாள்.

கோரீன் அழவில்லை. சீப்பையும் படத்தையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். "கேட்காம தொட்டது என் தப்பு மாமா. ஆனா திருடி இல்ல. சந்தைக்குப் போய் அட்டை அசலான்னு பார்ப்போம். அங்கிருந்தே நான் ஸ்கிரான்டன் பஸ் ஏறிடறேன்."

மாடிக்குப் போய் ஒரு துணிப் பெட்டியோடு இறங்கினாள். அந்தப் பெட்டிக்குள்ளேயும் பார்க்கலாமா என்று எமிலுக்குக் கை அரித்தது. வெர்னா முறைத்த முறைப்பில் அடங்கினார்.

சந்தைக் கூடத்தில் வெந்த சாசேஜ் வாசனையும் கூச்சலுமாக இருந்தது. ஸ்டான் கூபிக் நாற்பது வருஷமாகக் கடை விரிக்கிறவன். அட்டையை வாங்கி ஓரங்களைப் பார்த்தான். மேசைக்கடியிலிருந்து ஊதா விளக்கை எடுத்தான்.

"அது என்ன சனியன்?" என்றார் எமில்.

"இந்தக் காலத்துக் காகிதத்துல வெளுப்பு மருந்து சேர்ப்பாங்க பெரியவரே. இந்த வெளிச்சத்துல பளீர்னு மின்னும். பழைய காகிதம் மின்னாது."

கறுப்புத் துணியை மேலே போர்த்தி விளக்கைப் போட்டான். முதலில் நேற்று அடித்த விளம்பரச் சீட்டு ஒன்று. நிலா மாதிரி மின்னியது. அடுத்து ராய் பெட்ரி. அட்டை இருட்டோடு இருட்டாகக் கிடந்தது.

"அசல்தான்" என்றான் ஸ்டான். "சாய்ச்சுப் பாருங்க, மெழுகு இருந்த இடம் இன்னும் லேசாத் தெரியுது. யாரு துடைச்சது? நூலளவு கீறல் இல்ல! இதுக்கு நல்ல மெல்லிசு நைலான் வேணுமே, இப்பக் கடையில கிடைக்கறது ஆகாதே."

"என் கல்யாணத்தன்னிக்குப் போட்டது" என்றாள் கோரீன் தரையைப் பார்த்தபடி. "கிழிஞ்சுருச்சு. வேற இல்ல என்கிட்ட."

வெர்னாவின் ஊன்றுகோல் தடாலென்று விழுந்தது. இரண்டு கைகளாலும் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "டெட்டுக்காகப் போட்டதையாடி என் நாற்காலிக்காகக் கிழிச்சே!... நீ பஸ் ஏறினா நானும் ஏறிடுவேன். இந்த இடுப்போட ஏறுவேன்!"

"அத்தை... அழாதீங்க அத்தை..." அதுவரை அடக்கியிருந்தது கோரீனுக்கும் உடைந்துவிட்டது. சந்தைக்கு வந்தவர்கள் அட்டைகளை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள்.

எமில் ஸ்டானைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "இவ முன்னாடியே உனக்கு போன் பண்ணிச் சொல்லி வச்சிருந்தாளா?"

"யோவ்!" என்றாள் வெர்னா.

கோரீனின் பெட்டி வழியில் கிடந்தது. எமில் குனிந்து அதைத் தூக்கினார். கனமாகவே இல்லை. இரண்டு வருஷம் இருந்தவளுக்கு இவ்வளவுதானா?

"பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டியில ஏறு."

கோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரேன் மாமா. ஆனா இனிமே என் பையைத் தொடக் கூடாது."

"தொடமாட்டேன்."

"சொன்னா போதாது. அத்தை முன்னால சொல்லுங்க."

"அவ முன்னாலதானே நிக்கறா! தொடமாட்டேன். போதுமா?"

"அட்டையை விக்கறீங்களா பெரியவரே?" என்றான் ஸ்டான்.

"அவகிட்டக் கேளு. விலை அவளே பேசட்டும்" என்று மருமகளைக் காட்டினார். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கூட்டத்துக்கு நடுவே அவர் முணுமுணுப்பது கேட்டது.

"மெழுகு காலுறையில போகுதாம்... விளக்கு உண்மை சொல்லுதாம்... எவன் கண்டான்?"