சுவரோரம் ஓர் இரைச்சல்

"ஆபரேஷன்ல பிழைச்சு வந்தா உண்டு. இல்லேன்னா உன்னைச் சித்தி வீட்டுல விட்டுடுவாங்களாம். பாவம்டி நீ!"

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாண்டுவைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, தலையைத் தடவிக்கொண்டே பக்கத்து வீட்டு அத்தை சொன்ன சேதி இது. கேட்கிற பிள்ளைக்குப் பத்து வயதுதான் என்ற நினைப்பாவது இருக்க வேண்டாமா?

அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு, அடுத்த மாதம் ஆபரேஷன் என்பது வாண்டுவுக்குத் தெரியும். மற்றதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"உங்களுக்கு யாரு அத்தை சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? இதோ, இந்தப் பெட்டியே சொல்லுதே!"

பேரக் குழந்தை தொட்டிலில் அழுதால் அடுத்த அறையில் கேட்பதற்காக அத்தை வாங்கிய பெட்டி அது. பேரன் ஊருக்குப் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. பெட்டி மட்டும் அலமாரி மேல் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஓர் இருமல் வந்தது. அம்மாவின் இருமல்!

வாண்டு வீட்டிலும் அதே மாதிரி ஜோடிப் பெட்டிகள் இருந்தன. மாடியில் அம்மாவின் கட்டிலருகே ஒன்று. நேர் கீழே அப்பாவின் லாண்டரியில் இன்னொன்று. அம்மா கூப்பிட்டால் அப்பா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடுவார். ஒயர் இல்லாத பெட்டி என்பதால் அம்மாவின் குரல் கடைக்குப் போனதோடு நிற்காமல், சுவரைத் தாண்டி அத்தை வீட்டுக்கும் போயிருக்கிறது.

அப்பா போய்க் கேட்டார். அத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நானா உங்க வீட்டுச் சுவத்துல காதை வெச்சேன்? அதுவா வந்து விழுது!"

விஷயம் தெரிந்ததும் அம்மா கையை நீட்டிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

மறுநாள் வாண்டு மாடிக்கு வந்தபோது அம்மா தரையில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் எடுக்க எழுந்தவள் விழுந்திருக்கிறாள். கூப்பிட்டும் பார்த்திருக்கிறாள். கீழே சலவை இயந்திரம் போட்ட சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தார். பிறகு அழுதார். அப்பா அழுது வாண்டு பார்த்ததே இல்லை.

"பெட்டியைப் போட்டு வெச்சுக்கோ. உன் கால்ல வேணா விழறேன்."

"மாட்டேன். என் பேச்சு ஊர் வாயில விழறதுக்கு, நான் இங்கயே விழுந்து கிடந்துட்டுப் போறேன்" என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது.

வாண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பெட்டி ஓடினால் அம்மாவுக்கு மானம் போகிறது. ஓடாவிட்டால் உயிரே போய்விடும். இதற்கு என்னதான் வழி?

அப்போது பரண் மேல் கிடந்த பொம்மை வாக்கிடாக்கி ஞாபகம் வந்தது. அதை அங்கே ஒளித்து வைத்தவர் அப்பாதான். ஒருநாள் கடையில் நின்றுகொண்டு வாண்டு அதில் பாட, அப்பாவின் பெட்டியில் அம்மா குரலுக்குப் பதிலாக அவள் பாட்டுதான் கேட்டது. நல்ல திட்டு விழுந்தது. ஆனால் தூரத்து அறையில் நின்று பாடியபோது பெட்டியில் அம்மா குரல் தெளிவாகவே இருந்தது.

"பக்கத்துல இருக்கிறதுதான் ஜெயிக்குது!" வாண்டு துள்ளி எழுந்தாள்.

பொம்மையின் பேசும் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு, ஓடுகிற மேஜை விசிறியின் இரைச்சல் அதில் விழும்படி முன்னால் வைத்தாள். முதலில் மாடிப்படியருகே வைத்துப் பார்த்தாள். கீழே அப்பாவின் பெட்டியும் சேர்ந்து இரைந்தது. சரிப்படவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வீட்டின் கடைசி அறைக்குப் போனாள். அத்தை வீட்டை ஒட்டிய சுவரோரமாக வைத்தாள்.

"அம்மா, அஞ்சே நிமிஷம் பெட்டியைப் போடு. வாய்ப்பாடு மட்டும் சொல்லு. ஏழாம் வாய்ப்பாட்டை ஊரே கேட்டாலும் நமக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது!"

அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பெட்டியைப் போட்டாள். "ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

வாண்டு ஒரே ஓட்டமாக அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை பெட்டியைத் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, பேய்மழை மாதிரி இரையுது! கெட்டுப்போச்சா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாண்டு சொல்லவில்லை.

"கெடல அத்தை. நான்தான் இரைச்சல் போட்டிருக்கேன். அம்மா பேசறது அவங்க பேச்சு. அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரியணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க. கதவு திறந்துதான் இருக்கு."

அத்தை பெட்டியை மெல்ல அணைத்தாள்.

வாண்டு கடைக்கு ஓடினாள். அப்பா பெட்டியருகே நின்றிருந்தார். இரைச்சலே இல்லை. "ஏழெட்டு அம்பத்தாறு" என்று அம்மா திணறித் திணறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாண்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா! அத்தை வீட்டுல ஒரு வார்த்தைகூட கேக்கல! இங்க மட்டும்தான் கேக்குது!"

வாய்ப்பாடு நின்றது. பெட்டியில் மூச்சு வாங்கும் சத்தம் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் மட்டும்தானே கேக்கறீங்க?" அம்மாவின் குரல் நடுங்கியது. "எனக்குப் பயமா இருக்கு."

வாண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். கட்டிலில் ஏறி அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

"எனக்கும்தாம்மா" என்றாள்.

பின்னாலேயே அப்பா வரும் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பெட்டியை அணைக்கவில்லை.