காலியாகக் கிடந்த கட்டம்

சனிக்கிழமை, பகல் 12.40.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி குப்புறக் கிடந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்த பிடி விடவில்லை. முதலில் பார்த்தவர் கீழ்வீட்டுக்காரர். குழந்தை விழுந்தால் ஊரைக் கூட்டி அழும். இவள் அழவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் பிரிந்து மூன்று வருடம். விவாகரத்து வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அதுவரை குழந்தை அப்பாவிடம் இருக்க வேண்டும், சனி காலை பத்து மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை அம்மாவிடம் இருக்கலாம் என்பது குடும்ப நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. வாரத்துக்கு முப்பத்திரண்டு மணி நேரம். அந்தத் தாய்க்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

மாலை 6.10. நெற்றியில் ஐந்து தையல் போட்ட டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை வெளியே அழைத்தார்.

"தூக்கம் வர வைக்கிற மருந்து ரத்தத்துல இருக்கு. இந்த வயசுக்கு, இந்த எடைக்கு அதிகம். என்ன கொடுத்தீங்க?"

"அரிப்புக்கு ஒரு சிரப் டாக்டர். தோல் டாக்டர் எழுதினது. காலையில சாப்பிட்டதும் ஒரு மூடி, அவ்வளவுதான்."

"ஒரு மூடி சிரப் குழந்தையைப் படிக்கட்டுல படுக்க வைக்காதும்மா."

அம்மா வேலை பார்ப்பது மருந்துக் கடையில். அதைக் கேட்டதும் டாக்டர் போலீசுக்குப் போன் செய்தார். இரவு எட்டு மணிக்குள் அப்பாவின் வக்கீல் அவசர மனு தயார் செய்துவிட்டார்: குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுக்கும் தாயிடம் இனி ஒரு மணி நேரம்கூடக் குழந்தையை அனுப்பக் கூடாது. விசாரணை திங்கள் காலை பதினொரு மணிக்கு.

அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி நீதிபதி பணித்தது பெண்கள் காவல் நிலைய இன்ஸ்பெக்டரை. நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடி ஒரு காரணம். இன்னொரு காரணம், அவரிடம் பொய் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு, காலை 9.00. அம்மாவின் வீடு.

ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு. கதவுக்குப் பின்னால் சிட்டுவின் பொருட்களுக்கென்று தனியாக ஒரு தட்டு: பல் துலக்கும் பிரஷ், சீப்பு, செருப்பு, வண்ணப் பென்சில் பெட்டி, ஓரத்தில் சிரப் பாட்டில்.

"இதெல்லாம் அங்கேயும் இருக்கா?"

"எல்லாம் ரெண்டு ரெண்டு மேடம். அங்க உள்ளது இங்க வராது, இங்க உள்ளது அங்க போகாது. மருந்துச்சீட்டுகூட டாக்டர் ரெண்டு எழுதித் தரணும்னு கோர்ட்டே சொல்லிடுச்சு."

"நேத்து அவ வந்தப்போ எப்படி இருந்தா?"

"பசியோட வந்தா. எப்பவும் அப்படித்தான், வெறும் வயித்தோடதான் அனுப்புவாங்க. பத்தரைக்குச் சாப்பாடு போட்டேன், மருந்து கொடுத்தேன். பதினொண்ணரைக்கெல்லாம் கண்ணு சொருகிடுச்சு. சனிக்கிழமை ஆனா இதே கதைதான். வாரம் முழுக்க அந்த வீட்டுல அவளைத் தூங்க விடறதில்லைன்னு நினைச்சேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"நல்லா விளையாடுவா."

"சனிக்கிழமை மத்தியானம் நீங்க கடைக்குப் போவீங்களாமே?"

அவள் முகம் வெளுத்தது. "ரெண்டு மணி நேரம். கீழ்வீட்டு அக்கா பாத்துக்குவாங்க. நேத்துக் கண்ணு முழிச்சதும் அவங்க வீட்டுக்கு இறங்கிப் போயிருக்கா. அவளைத் தூங்க வச்சுட்டுப் போறேன்னு சொல்றாங்க இல்ல? முப்பத்திரண்டு மணி நேரம்தான் மேடம் எனக்கு. அதுல ஒரு நிமிஷம் அவ தூங்கினாக்கூட எனக்கு வயிறு எரியும். நானா மருந்து கொடுத்துத் தூங்க வைப்பேன்?"

பூதக்கண்ணாடி பாட்டிலை எடுத்துச் சீட்டைப் படித்தார். காலையில் ஒரு முறை, உணவுக்குப் பின். வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது.

காலை 11.30. அப்பாவின் வீடு.

வீட்டில் இருந்தது அப்பாவின் அக்கா, சிட்டுவின் அத்தை. உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அவ செஞ்சாலும் செய்வா. மருந்துக் கடையிலதானே இருக்கா!"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் இல்லை, அந்தக் குறையை நாத்தனார் தீர்த்து வைத்தார்.

"நேத்துக் காலையில குழந்தைக்கு நீங்க என்ன கொடுத்தீங்க?"

"ஒண்ணும் கொடுக்கல. பஸ்ல வாந்தி எடுப்பா. அதனால சனிக்கிழமை ஒரு வாய் பால்கூடக் கொடுக்க மாட்டேன். எழுப்பி, குளிப்பாட்டி, நேரா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சிடுவேன்."

"மருந்து?"

"மருந்து மாத்திரை எல்லாம் தம்பி பொறுப்பு. ஒரு தடவை நான் மறந்துட்டேன்னு அவனே வாங்கி வச்சுக்கிட்டான். நான் கையே வைக்கிறதில்ல. நேத்து அவன் அஞ்சரைக்கே டூட்டிக்குப் போயிட்டான், குழந்தை அப்போ நல்ல தூக்கம்."

சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி. ஆறு வாரமாக அதில் சிவப்பு மையால் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் புள்ளி இல்லை.

"இது என்ன?"

"தம்பி வைக்கிறது. டூட்டிக்குப் போற நாளா இருக்கும். நான் கேட்டதில்ல."

கூட வந்த கான்ஸ்டபிள் தலையாட்டினார். ஆறு நாள் வேலை, ஒரு நாள் விடுமுறை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பகல் 1.15. பேருந்துப் பணிமனை.

அப்பா பேருந்து ஓட்டுநர். ஒரு நடை முடித்து அடுத்த நடைக்குக் காத்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"குழந்தை ஆஸ்பத்திரியில, நீங்க வண்டி ஓட்டிட்டு இருக்கீங்க?"

"லீவு கேட்டேன் மேடம். மாத்து ஆள் இல்லைன்னுட்டாங்க. எனக்கு வார லீவு செவ்வாய்க்கிழமைதான். நாலு மணிக்கு முடிஞ்சதும் ஓடணும்."

"நேத்துக் காலையில குழந்தை ஏதாவது சாப்பிட்டாளா?"

"இல்ல. நான் கிளம்பும்போது தூக்கத்துலதான் இருந்தா." ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். "மேடம், அவ அம்மா மேல எனக்குக் கோபம் உண்டு. இல்லைன்னு சொல்லல. ஆனா இப்படிச் செய்வான்னு... நாளைக்கு ஜட்ஜ் அவளைப் பாக்கவே விடாம பண்ணிட்டா, சிட்டு என்னைக் கேப்பா. என்ன சொல்றதுன்னு தெரியல."

"அப்போ மனுவை வாபஸ் வாங்குங்களேன்."

"குழந்தை செத்திருந்தா?"



பகல் 3.00. நீதிமன்றத்தின் ஒப்படைப்பு அறை.

பெற்றோர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் குழந்தையை மாற்றிக்கொள்வதற்கென்றே இருக்கும் அறை. ஒருவர் விட்டுவிட்டுப் போன பிறகுதான் மற்றவர் உள்ளே வரலாம். அறையின் காப்பாளரான பெண்மணி பதிவேட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொரு வரியும் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. மஞ்சள் கவுன் ஒன்று, பொத்தான் சரியாக உள்ளது. வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. தலை கிளிப் இரண்டு, ஒன்றில் பூ இல்லை. முழங்காலில் பழைய சிராய்ப்பு.

"பூ இல்லைன்னு எழுதலைன்னா அடுத்த வாரம் அது ஒரு வழக்கு மேடம்," என்றார் காப்பாளர். அவர் சிரிக்கவில்லை.

கடைசிக் கட்டத்தின் தலைப்பில், 'மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டியது' என்று அச்சிட்டிருந்தது. பூதக்கண்ணாடி பக்கம் பக்கமாகத் திருப்பினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்தக் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.

பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார். "கான்ஸ்டபிள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். குழந்தைகிட்ட ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு."

பிற்பகல் 3.30. பத்து நிமிடத்தில் வார்டிலிருந்து வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திங்கள், காலை 11.00. நீதிபதியின் அறை.

மேசைக்கு ஒரு பக்கம் அப்பாவும் அவருடைய வக்கீலும். மறுபக்கம் அம்மா. நடுவில் பூதக்கண்ணாடி.

"குழந்தைக்கு அளவுக்கு மேல் மருந்து போனது உண்மையா?" என்று நீதிபதி கேட்டார்.

"உண்மை ஐயா."

"கொடுத்தது யார்?"

"ரெண்டு பேரும்."

வக்கீல் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

"கடையில வாங்கின தூக்க மருந்து எதுவும் இல்லை ஐயா. அரிப்புக்குக் கொடுக்கிற சிரப்தான், அதுல தூக்கமும் வரும். ஒரு நாளைக்கு ஒரு மூடி. சனிக்கிழமை மட்டும் ரெண்டு மூடி போயிருக்கு. அதுல முதல் மூடி வெறும் வயித்துல." அப்பா பக்கம் திரும்பினார். "உங்க நாட்காட்டியில சிவப்புப் புள்ளி எதுக்கு?"

அப்பா விழித்தார். "அது... மருந்து கொடுத்த நாள்."

"டூட்டி நாள்னு உங்க அக்கா சொன்னாங்க. நானும் நம்பினேன். ஆனா உங்களுக்கு லீவு செவ்வாய்க்கிழமை, அன்னைக்கும் புள்ளி இருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டறீங்க, அன்னைக்குப் புள்ளி இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். சிட்டு."



"அஞ்சரைக்குக் கிளம்பும்போது பாதித் தூக்கத்துல எழுப்பி வாயில ஊத்துவேன்," என்றார் அப்பா. "குடிச்சிட்டு மறுபடி படுத்துக்குவா. நாள் முழுக்க நான் ரோட்டுல. அது ஒண்ணுதான் நான் அவளுக்கு என் கையால செய்யறது. அவ அம்மா பாட்டில் வாங்கியிருப்பான்னே நான் நினைக்கல. அரிப்பு மருந்துல தூக்கம் வரும்னும் எனக்குத் தெரியாது."

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு சீட்டுல இருக்கு," என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "வெறும் வயித்தோட வர்ற பிள்ளைக்கு மருந்து கொடுத்திருக்க மாட்டாங்கன்னு நான்..."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இவங்களுக்குத் தெரியல, சரி. குழந்தைக்குத் தெரியுமே. ஏழு வயசு. ஏற்கெனவே குடிச்சாச்சுன்னு சொல்லத் தெரியாதா?"

"அதைத்தான் ஐயா கேட்டேன். சனிக்கிழமை காலையில மருந்து யாரு கொடுத்தான்னு கேட்டேன். 'எந்த வீட்டுக் காலையில?'ன்னு கேட்டா."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி தொடர்ந்தார்.

"அப்பா கொடுத்ததை அம்மாகிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்தா, இதுகூடத் தெரியாதாங்கிற மாதிரி. 'அங்க நடந்ததை இங்க சொல்லக் கூடாது. இங்க நடந்ததை அங்க சொல்லக் கூடாது. அப்பாவும் சொல்லியிருக்காங்க, அம்மாவும் சொல்லியிருக்காங்க'ன்னா. ஆறு சனிக்கிழமை ஐயா. தெரிஞ்சே வாயைத் திறந்து ரெண்டாவது மூடியையும் குடிச்சிருக்கா."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"கிளிப்புல பூ இல்லைங்கிறதுவரைக்கும் எழுத வச்சீங்க," என்றார் பூதக்கண்ணாடி இருவரையும் பார்த்து. "மருந்து கொடுத்தாச்சுன்னு ஒரு வரி எழுதல. மூணு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்துல. அந்தக் குழந்தைக்கு வாயை மூடக் கத்துக் கொடுத்ததுல."

இதைச் சட்டத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவே எழுந்து மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. நீதிபதி இரண்டே வரியில் உத்தரவு எழுதினார். தாயின் சந்திப்பு நேரம் முன்போலவே தொடரும். பதிவேட்டின் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் குழந்தை அறையை விட்டு நகராது.

வெளியே நடைபாதையில் அந்த இருவரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். பேசிக்கொள்ளவில்லை. சேர்ந்துவிடுவார்கள் என்று கதை கட்ட எனக்கும் ஆசையில்லை. விவாகரத்து அடுத்த மாதம் கிடைத்துவிடும்.

பூதக்கண்ணாடிக்கு மட்டும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அடுத்து வந்த ஞாயிறு, மாலை 6.30-க்கு அவர் ஒப்படைப்பு அறைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டார்.

சனிக்கிழமை வரியில், கடைசிக் கட்டத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. அத்தை கொண்டுவந்தது. விடியற்காலையில் அவசரமாக எழுதிய கையெழுத்து.

'மருந்து 5.30-க்குக் கொடுத்தாச்சு. தையல் போட்ட இடத்தில் தண்ணீர் படக் கூடாது. முன்பல் ஒன்று ஆடுகிறது. தொட்டால் அழுவாள்.'

அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை வரியில், வேறு மை, வேறு கையெழுத்து.

'இன்று காலை மருந்து நான் கொடுத்தேன். பல் மத்தியானம் விழுந்துவிட்டது. அழவில்லை. காகிதத்தில் மடித்துப் பையின் முன்பக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் உங்களிடம் அவளே எல்லாம் சொல்வாள். சொல்லச் சொல்லியிருக்கிறேன்.'