பொட்டு வைத்த பெட்டி

காலை ஆறு நாற்பது பஸ்ஸில் கம்ப்யூட்டருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது.

சிறுமலைப் பள்ளிக்கூடத்தின் ஒரே கம்ப்யூட்டர் அது. கம்பளியில் சுற்றி, மேலே வாழைச்சருகு வைத்துக் கட்டியிருந்தார் மூக்கையா. மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழைத்தார் இறக்கும் வியாபாரி அவர். ஒரு பழம்கூட அடிபடாமல் கட்டத் தெரிந்தவர். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் ஆனந்தி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு. மூக்கையா அவளுக்குத் தாய்மாமா.

அது என்ன என்று கண்டக்டர் கேட்டார். கம்ப்யூட்டர், உடம்பு சரியில்லை என்றார் மாமா. கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் திண்டுக்கல்லில் அறிவியல் கண்காட்சி. அதற்காக ஆனந்தி ஒரு கொண்டைக்குருவிக் கூட்டைப் படம் எடுத்திருந்தாள். மிளகுக் கொடியில் கட்டிய கூடு. முட்டையிலிருந்து குஞ்சு பறந்தது வரை, தினமும் ஒரு படம். எடுத்தது இன்னாசியம்மாள் டீச்சரின் போனில். போனில் இடம் போதவில்லை. அதனால் டீச்சர் படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிட்டார்.

குஞ்சுகள் போய்விட்டன. கூடும் காற்றில் விழுந்துவிட்டது. திரும்ப எடுக்க எதுவும் இல்லை.

நேற்று சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் கருப்பாகவே இருந்தது. எங்கிருந்தோ 'கீச், கீச்' என்று சத்தம் மட்டும் கேட்டது. சத்துணவு சமைக்கும் பேச்சாயி அக்கா, பல்லி சொல்லுது, நல்லது நடக்கும் என்றார். எதுவும் நடக்கவில்லை.

டீச்சர் தன் மகளின் பிரசவத்துக்காக மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். கம்ப்யூட்டரை முகமது யாசின் கடைக்குக் கொண்டுபோகும்படி போனில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் போன் கிடைக்கவில்லை.

யாசின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. சின்னக் கடை. யாசின் கம்பளியை அவிழ்த்தார். ஏதோ ஒரு வயரை எடுத்து அதன் முதுகில் செருகினார். சுவிட்சைத் தட்டினார்.

வெளிச்சம் வந்தது. ஆனந்தி எட்டிப் பார்த்தாள்.

குருவி இல்லை. மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அப்போதும் மாப்பிள்ளை அங்கேயே நின்றார்.

"ஏன் பாய், எங்க கம்ப்யூட்டருக்குள்ள யாரு இவுக?"

"இது எனக்கு ரிப்பேருக்கு வந்த மிசினு. அதுல உள்ள படம்ணே."

"எங்க கம்ப்யூட்டர்ல தெரியுதே. மாத்திப்புட்டீகளா?"

யாசின் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நீங்க கொண்டாந்தது கம்ப்யூட்டரே இல்ல."

மாமா கம்பளியை எடுத்து ஒரு தடவை உதறிப் பார்த்தார்.

"அப்ப நாலு வருசமா பிள்ளைக எதைப் படிச்சுக்கிட்டு இருந்துச்சுக?" என்றார் மாமா.

அது மானிட்டர், அது நன்றாக இருக்கிறது, ரிப்பேரான பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு யாசின் வேறு வேலையில் குனிந்துவிட்டார்.

ஆனந்திக்கு ஒன்றும் புரியவில்லை. அதன் மேல் மூலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஆயுத பூஜையன்று பேச்சாயி அக்கா வைத்த பொட்டு. பள்ளிக்கூடத்தில் மணிக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு. பொட்டு இதில்தான் இருக்கிறது. அப்படியானால் இதுதானே கம்ப்யூட்டர்?

யாசின் வயரைப் பிடுங்கினார். மாப்பிள்ளையும் பெண்ணும் மறைந்துபோனார்கள்.

"அண்ணே, இன்னொரு தடவை செருகுங்க" என்றாள் ஆனந்தி.

செருகினார். அவர்கள் வந்துவிட்டார்கள். மாலைகூட வாடவில்லை.

அவள் வயரைக் கண்ணால் தொடர்ந்து போனாள். அது மேசைக்கு அடியில் இறங்கி, ஓர் உயரமான பெட்டியின் முதுகில் முடிந்தது. மாப்பிள்ளை இருப்பது அங்கே. இங்கே தெரிகிறார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் குருவியும் வேறு எங்கோதான் இருக்கிறது. காலையில் அவளேதான் வயரைப் பிடுங்கினாள். அதன் மறுமுனை மேசைக்கு அடியில் இருட்டில் இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

மாமாவின் போனில் பேச்சாயி அக்காவைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சாவி அவரிடம் இருந்தது. மேசைக்கு அடியில் ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

"ரெண்டு கிடக்குடி. ஒண்ணு உசரமா, பிள்ளைக தட்டு வைக்குமே, அது. இன்னொண்ணு குட்டை, செவுத்துக் கரண்ட் வயரு அதுலதான் வந்து சேருது. ஆனா தூக்க முடியல, கல்லு மாதிரி கனக்குது. எது ஒனக்கு?"

மாமா போனை வாங்கிக்கொண்டார்.

"கனமானத அனுப்பு பேச்சாயி. எடை நின்னாத்தான் உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

வாழைத்தாரில் அது சரி. ஆனந்திக்குச் சந்தேகமாக இருந்தது. நடுப்பகல் பஸ்ஸில் தப்பான பெட்டி வந்தால் அடுத்த பஸ் வருவதற்குள் கடை சாத்திவிடுவார்கள். குருவிப் படம் இல்லாமல் நாளைக்கு வெறும் மேசை முன்னால் நிற்க வேண்டும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படம் எடுத்தது போனில். பிறகு டீச்சர் போனில் ஒரு வயரைச் செருகினார். வயரின் மறுமுனையை எங்கே செருகினார்? பொட்டு வைத்ததில் இல்லை. குனிந்தார். முக்கிக்கொண்டே குனிந்தார். இடுப்பு வலிக்குது என்றுகூடச் சொன்னார்.

படங்கள் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. எதற்குள் போனதோ, அதற்குள்தான் இருக்கும்.

"அக்கா, போன் வயரோட நுனி நுழையுற மாதிரி சின்னச் சந்து எதுல இருக்கு?"

பேச்சாயி அக்கா தடவிப் பார்ப்பது கேட்டது.

"உசரமானதுல. முன்னாலயே ரெண்டு இருக்கு. ஒண்ணுல எவனோ மிளக அடைச்சு வச்சிருக்கான்."

"அதை அனுப்புங்க."

கனமானது எதற்கு இருக்கிறது என்று மாமா கேட்டார். அவளுக்கும் தெரியாது.

பெட்டி நடுப்பகல் பஸ்ஸில் வந்தது. வாழைத்தார்களுக்கு நடுவே சாக்கில் உட்கார்ந்து வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. யாசின் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை ஆனந்தி பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி கடைப் படியில் காத்திருந்தாள்.

யாசின் வந்து பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார். கீச், கீச் என்றது.

"நம்ம பள்ளிக்கூடத்துப் பல்லி" என்றார் மாமா.

யாசின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே தூசி, சிலந்தி வலை, மிளகு. அவர் ஒரு பச்சைப் பட்டையைப் பிடுங்கினார். விரலைவிட நீளம், சீப்பு மாதிரி. அதன் விளிம்பில் இருந்த பித்தளை நிறப் பற்கள் மங்கிப்போயிருந்தன.

"பாப்பா, ரப்பர் வச்சிருக்கியா?"

பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி அந்தப் பற்களின் மேல் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.

ஆனந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதீங்கண்ணே. படம் அழிஞ்சிரும்."

யாசின் சிரிக்கவில்லை. படம் இதில் இல்லை என்றார். இது ரேம். மிசின் ஓடும்போது கையில் எடுத்து வேலை பார்க்கிற சாமான் மட்டும் இதில் இருக்கும், கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். பிறகு கீழே இருந்த ஒரு சப்பையான பெட்டியைத் தொட்டுக் காட்டினார். அதுதான் ஹார்டு டிஸ்க். வைத்ததை வைத்தபடி வைத்திருப்பது அதுதான்.

"ரெண்டும் ஞாபகமா? அப்ப ஏன் ஒண்ணு மறக்குது, ஒண்ணு மறக்கல?" என்றாள் ஆனந்தி. அவள் இன்னும் கையை விடவில்லை.

பதில் மாமாவிடமிருந்து வந்தது. அவர் அதுவரை மோவாயைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தராசும் சரக்கு அடுக்குற கிட்டங்கியும்னு நெனைக்கிறேன். தராசுல வச்ச தார் நிக்காது, அடுத்தது வந்துரும். கிட்டங்கில அடுக்குனது கிடக்கும். சரிதானா பாய்?"

"அம்புட்டுத்தாண்ணே."

"அப்ப ரிப்பேரு தராசுல. கிட்டங்கிய யாரும் தொடல. கைய விடு ஆத்தா."

ஆனந்தி கையை விட்டாள். ஆனாலும் அவர் தேய்த்து முடிக்கும்வரை இமைக்கவில்லை. பற்கள் பளபளத்தன. ரப்பர் கரியாகிப்போனது.

யாசின் பட்டையைத் திரும்பப் பொருத்தினார். பொட்டு வைத்த மானிட்டரின் வயரை உயரமான பெட்டியில் செருகினார். ஒரே ஒரு கீச். பிறகு வெளிச்சம்.

ஆனந்தியே தேடித் திறந்தாள். புள்ளி புள்ளியாக மூன்று முட்டைகள். அடுத்த நாள். அடுத்த நாள். ஒரு நாள் மூன்று சிவந்த வாய்கள் மேலே பார்த்துத் திறந்திருந்தன. கடைசிப் படத்தில் கூடு காலியாக இருந்தது.

யாசின் தன் வேலையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பார்த்தார். சிவந்த வாய்ப் படத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

கண்காட்சி தொடங்கும்வரை இரண்டையும் எங்கே வைப்பது என்று மாமா கவலைப்பட்டார். ராத்திரி கடையிலேயே இருக்கட்டும், காலையில் வந்து எடுத்துப் போங்கள் என்றார் யாசின்.

கிளம்பும்போது மாமா சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். ஆனந்தி அதில் விரலைத் தொட்டு, உயரமான பெட்டியின் பக்கவாட்டில், ஹார்டு டிஸ்க் எங்கே இருக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு பொட்டு வைத்தாள். யோசித்து, ரேமுக்கு நேராகச் சின்னதாக இன்னொன்று வைத்தாள்.

மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொட்டலத்தை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஏன் ஆத்தா, மலையில அந்தக் குட்டைப் பெட்டி கல்லு மாதிரி கனக்குதாமே, அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"