கடித்த இடம்

கடித்தடங்காட்டி பதினோரு நிமிடத்தில் விடை சொல்லிவிடும். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் ஐந்து சொட்டு போதும். அதில் ஊறிய எதிர்ப்புப் புரதத்தின் முதிர்ச்சியை வைத்துக் கொசு கடித்த நாளைக் கணிக்கும். மூளைக்காய்ச்சல் கிருமி குளத்துக்குக் குளம் கொஞ்சம் மாறுபடுவதால் கடித்த இடத்தையும் காட்டும். அரை மணி நேரத்தில் கொசுமருந்து அடிக்க மருந்துவண்டி அங்கே போய் நிற்கும். கருவி வந்த பிறகு விருத்தாசலம் வட்டாரத்தில் ஒரே குட்டைக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்ததில்லை.

ஏழு வருடமாக அந்தக் கருவியை இயக்குபவள் எழினி. அன்று அவள் அதில் ஏற்றியது தன் மகள் ஆதிரையின் தண்டுநீரை. ஆறு வயதுக் குழந்தை, வலிப்பு கண்டு அதே மருத்துவமனையின் மேல்மாடியில் நினைவில்லாமல் கிடந்தது.

திரையில் விடை வந்தது. பத்து நாள் முன்பு. தாமரைக்குட்டை.

அது அவள் நாத்தனார் மணிமொழியின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளையில்லாத மணிமொழி, விடுமுறைக்கு ஆதிரையை ஆசையாய் அழைத்துப்போயிருந்தாள். பூப்பறிக்கக் குட்டைக்கும் கூட்டிப்போயிருந்தாள்.

எழினி வெளியே வந்ததும் மணிமொழி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கடிச்சதாம் அண்ணி? எங்க வீட்லயா?"

இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். எழினியால் பார்க்க முடியவில்லை.

"இல்லம்மா. எங்க குடியிருப்புச் சாக்கடையில."

மணிமொழி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். எழினி உள்ளே போய் மருந்துவண்டிக்கு அனுப்பும் படிவத்திலும் இடத்தை மாற்றினாள். குட்டையைப் பற்றி நாளைக்கு ஏதாவது காரணம் சொல்லித் தெரிவித்துவிடலாம் என்று நினைத்தாள். மருந்துவண்டி குடியிருப்புக்குப் போயிற்று.

மறுநாள் மதியம் ஆதிரை இறந்துபோனாள். அதன்பின் எழினிக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதலில் வந்தது ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் தண்டுநீர். தாமரைக்குட்டை என்றது கருவி. பன்னிரண்டு நாள் முன்பு. ஆதிரைக்குப் பால் தெளித்த நாள் அது. தாளின் அடியில் வழக்கம்போல இன்னொரு வரியும் அச்சாகியிருந்தது: இதே கிருமி முன்பு கண்டது, ஆதிரை, வயது ஆறு.

எழினி முதலில் மருந்துவண்டிக்குத் தொலைபேசியில் சரியான இடத்தைச் சொன்னாள். பிறகு தாளோடு வெளியே வந்தாள்.

சிறுமியின் தாயைத் தோளோடு அணைத்தபடி மணிமொழி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களான அவர்களை ஆட்டோவில் அழைத்துவந்ததே அவள்தான். தாளை வாங்கி, கடைசி வரிவரை படித்தாள்.

"அன்னைக்கே தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

சிறுமியின் தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப, அன்னைக்கே அங்க மருந்தடிச்சிருந்தா எம்புள்ளைக்கு இது வந்திருக்காதா?"

எழினி ஆமென்று தலையசைத்தாள்.

மணிமொழி தாளை எழினியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் தாங்கியிருப்பேனே அண்ணி," என்றாள்.