வழிமுரசு

"பசித்தவனுக்குச் சோறு கொண்டு போகிறவன் எந்த அரசனுக்குப் பகைவன், தேவி?"

இந்தக் கேள்வியைச் சேந்தன் என்ற நாவாய்த் தலைவன் இளவரசி அரிஞ்சிகையிடம் கேட்டது போருக்கு முந்திய ஆண்டில். புயலில் அழிந்த தீவு ஒன்றுக்கு அரிசி கொண்டுபோய் இறக்கிவிட்டு அவன் அப்போதுதான் திரும்பியிருந்தான். முத்துத் திருவிழா பார்க்க வந்த இளவரசி அவனுடைய கப்பலையும் பார்க்க ஆசைப்பட்டாள். பார்த்தது கப்பலை மட்டும்தானா என்று தோழியர் பிறகு வெகுநாள் கேலி செய்தார்கள். அவன் கேள்விக்கு அன்று அவள் சிரித்தாள். விடை தெரிந்ததும் சொல்லி அனுப்புவதாகவும், அதுவரை வேறு துறைக்குப் போய்விட வேண்டாம் என்றும் சொன்னாள். அவனும் போகவில்லை. போர் மூண்டபோது, அது முடிந்ததும் அண்ணனான அரசரிடம் இவனைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவள் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அன்பு வாசகர்களே, இப்போது நாம் வேலாழித் தீவுக்கு எதிரே உள்ள மணல்திட்டுக்குப் போவோம். மேற்கே சூரியன் மறைந்துவிட்டது. கிழக்கே எழுந்த முழுநிலா கடல்மேல் வெள்ளிப் பாதை ஒன்றை விரித்திருந்தது. அந்தப் பாதையின் முடிவில், திரைகள் மோதி மோதிக் கறுத்துப்போன மதில்களோடு, விளக்கு ஒன்றுகூட இல்லாமல் நின்றது வேலாழிக் கோட்டை. அதைச் சுற்றிலும் அரசரின் போர்க்கலங்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வளையமாக நின்றன. கோட்டைத் தலைவன் அரசரின் தூதரைக் கொன்றவன். அதனால்தான் இந்தப் போர். கார்காலத்தில் தொடங்கிய முற்றுகை பனிக்காலத்திலும் தொடர்ந்தது. அம்பு பட்ட அரசர் தலைநகரில் படுத்திருந்தார். முத்திரை மோதிரம் தங்கை அரிஞ்சிகையின் விரலில் இருந்தது. பாசறையில் வழக்குக் கேட்பதும் தீர்ப்புச் சொல்வதும் அவள் பொறுப்பு.

அந்த மாலையில் அவள்முன் கைதியாக நிறுத்தப்பட்டவன் சேந்தன்.

வெள்ளைக் கொடி கட்டிய அவன் கப்பலை வளையத்துக்கு வெளியே, நடுக்கடலிலேயே மறித்துப் பிடித்திருந்தார்கள். அரிசி, கருப்பட்டி, சுக்கு, பச்சிலை மருந்து, சில மருத்துவப் பெண்கள். கத்தி என்று பார்த்தால் சமையற்காரனிடம் இருந்த அரிவாள்மணை ஒன்றுதான் என்று சோதனையிட்ட வீரர்களே சொன்னார்கள்.

கடற்படைத் தலைவர் மழவராயர் எழுந்தார். முற்றுகையைப் பற்றி எல்லாத் துறைகளிலும் பறை அறைந்தாகிவிட்டது, இவர் துறையிலும்கூட என்றார். குழந்தைக்கென்று போகும் அரிசியை வில்வீரனும் உண்பான், அந்த வில்லுக்கு நம் மாலுமிகள் பலியாவார்கள் என்றார். ஓர் இடத்தில் திறந்த வேலி வேலியே அல்ல என்றும் சொன்னார். அவர் கொடியவர் அல்லர், வாசகர்களே. அவருடைய மகன் அந்த மதிலடியில்தான் இறந்திருந்தான்.

"சுக்குக்கும் நம் அரசருக்கும் என்ன பகை என்று இவர் கேட்பார், தேவி," என்று அவர் கசப்போடு முடித்தார். "பகை இல்லை. கஷாயம் குடித்து எழுந்தவன் கையில் வேல் இருக்கும். அதனோடுதான் பகை."

சேந்தன் பணிவாகவே பேசினான். பறையைக் கேட்டதை மறுக்கவில்லை. கேட்டதால்தான் அரிசி ஏற்றினேன் என்றான். படையைப் பணிய வைக்க முற்றுகையிடலாம், ஊரைப் பட்டினியால் கொல்ல அதே முற்றுகையைப் பயன்படுத்தலாகாது என்பது இந்தக் கரையில் எல்லா அரசரும் ஒப்புக்கொண்ட முறை அல்லவா என்று கேட்டான். வேண்டுமானால் அரசரின் வீரர்களே கப்பலில் வரட்டும், அவர்கள் கையாலேயே கஞ்சி ஊற்றட்டும் என்றான்.

"உள்ளே உமக்கு வேண்டியவர் எவரேனும் உண்டோ?" என்று மழவராயர் கேட்டார்.

சேந்தன் ஒரு கணம் தாமதித்தான். "உள்ளே இருக்கும் எல்லோரும்தான், தளபதியாரே."

அரிஞ்சிகை அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் தீர்ப்புத் தடுமாறும் என்று அவளுக்குத் தெரியும். முறை என்ன சொல்கிறது என்பதையே நினைத்துக்கொண்டாள். கோட்டையை வளைத்த அரசன் வாயிலுக்கு எதிரே வழிமுரசு அறைய வேண்டும்; குழந்தைகளும் பெண்களும் பிணியாளரும் உண்ணவும் வெளியேறவும் வழி விடுகிறேன் என்பது அதன் பொருள். உள்ளிருப்பவர்கள் தங்கள் முரசை அறைந்தால் அதை ஏற்றார்கள் என்று ஆகும். அதன்பின் சோற்றைத் தடுப்பது பாவம். முரசு பேசாவிட்டால் வழி மறுக்கப்பட்டதாகும். பட்டினியின் பழி கோட்டைத் தலைவனையே சேரும்.

வழிமுரசு அறைந்தீர்களா என்று கேட்டாள். மூன்று மாலைகள் அறைந்தோம், பதில் இல்லை என்று மழவராயர் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அது உண்மைதான்.

"இன்னும் ஒரு முறை அறையுங்கள்," என்றாள் அரிஞ்சிகை. "நானே கேட்கிறேன். பதில் வந்தால் கப்பல் இப்போதே உள்ளே போகட்டும்."

வழிமுரசு ஒலித்தது. அதன் முழக்கம் நீரின்மேல் உருண்டு சென்று மதிலில் மோதித் திரும்பியது. பாசறை முழுவதும் மூச்சை அடக்கி நின்றது. அலைகளின் ஓசை கேட்டது, வேறெதுவும் கேட்கவில்லை. ஆள் அனுப்பிக் கேளுங்கள், நானே நீந்திப் போகிறேன் என்று சேந்தன் மன்றாடினான். முற்றுகைக்குள் புகுகிறவன் ஒற்றன், அவனுக்கு அம்புதான் பதில் என்றார் மழவராயர். அதுவும் முறைதான்.

நிலா நன்றாக மேலேறும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு, முற்றுகை முறைப்படியானது, கப்பலை மறித்ததும் முறைப்படியானது என்று தீர்ப்புச் சொன்னாள். போர் முடியும்வரை அரிசி முத்திரையிட்டுக் காக்கப்படும். கப்பல் தலைவன் கரையில் இருக்க வேண்டும். சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை.

பனிக்காலம் முடியுமுன் ஒரு காலையில் கோட்டைக் கதவு தானாகத் திறந்தது. யாரும் போரிடவில்லை. அரிஞ்சிகை மழவராயரோடு உள்ளே போனாள். தெருக்களில் நாய்கூட இல்லை. வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அவளைப் பார்த்தார்கள். மற்றவர்கள் பார்க்கும் நிலையைக் கடந்திருந்தார்கள்.

வாயில் மாடத்தில் முரசு மேடை இருந்தது. மேடைமேல் முரசின் மரக்கூடு மட்டும் வாயைத் திறந்து கிடந்தது. அதன்மேல் தோல் இல்லை. பக்கத்தில் முரசறைவோன் படுத்திருந்தான். அவள் யாரென்று அறிந்ததும் எழ முயன்றான். முடியவில்லை.

தோல் எங்கே என்று அவள் கேட்டாள்.

"வேகவைத்தோம், தாயே. குழந்தைகளுக்குக் கொடுத்தோம். முதலில் செருப்பு, பிறகு கேடயத் தோல், கடைசியில் இது." அவன் பேச்சில் கோபமே இல்லை. "மறுநாள் மாலையே உங்கள் வழிமுரசு கேட்டது. பதில் கொடு என்று எங்கள் தலைவரும் சொல்லிவிட்டார். வெறும் மரத்தைத்தான் தட்டினோம். நான்கு மாலையும் தட்டினோம். அலைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது."

வெள்ளைத் துணியை வீசிக் காட்டியிருக்கலாமே என்று மழவராயர் கேட்டார். வீசப் போனவன் மதிலில் தலை காட்டியதுமே அம்பு பட்டு விழுந்தான் என்று பதில் வந்தது. மதிலில் தலை தெரிந்தால் அம்பு விடும்படி உத்தரவிட்டவர் மழவராயர்தான். அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கடைசி மாலை எனக்குக் கை ஓயவில்லை என்று சொல்ல மாட்டேன், தாயே. ஓய்ந்துவிட்டது. பூதி என்ற பெண்தான் தட்டினாள். இந்த ஊருக்கு வாழ வந்தவள். அண்ணன் கப்பல் வைத்திருக்கிறான், எப்படியும் வருவான் என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். சேந்தன் என்று பெயர். அப்படி எவரேனும் வந்தார்களா?"

அந்தப் பெண் எங்கே என்று கேட்க அரிஞ்சிகை வாயெடுத்தாள். முரசறைவோன் ஏற்கெனவே மேடையின் மறுபுறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பழைய சேலையால் மூடிய சிறிய உருவம் கிடந்தது.

அரிஞ்சிகை அந்த இடத்திலேயே முத்திரை மோதிரத்தை உயர்த்தி ஆணையிட்டாள். இனி இந்த நாட்டில் மௌனத்தை எவரும் மறுப்பாகக் கொள்ளலாகாது. முரசு பேசாவிட்டால் ஆயுதமில்லாத ஒருவர் உள்ளே சென்று, பசித்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டு வர வேண்டும். அதுவரை சோற்றுக் கப்பலைத் தடுக்கும் முற்றுகை முறையற்றது. அவள் உயிரோடு இருக்கும்வரை அப்படியே நடக்கும் என்று கடல்மேல் சத்தியம் செய்தாள். கேட்டு நின்றவர்கள் தலைவணங்கினார்கள்.

முத்திரை உடைக்கப்பட்டு, சேந்தனின் அரிசி அன்று பகல் முழுவதும் கோட்டைக்குள் கஞ்சியாகக் கொதித்தது. அவனே அகப்பை பிடித்தான். நீர்த்த கஞ்சியை, மருத்துவப் பெண்கள் சொன்ன அளவில், சிறிது சிறிதாக ஊற்றினான். பூதியை அடக்கம் செய்துவிட்டு வந்த கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. மாலையில் கடைசி ஆளும் உண்டு முடித்ததும் அரிஞ்சிகை அவனிடம் சென்றாள்.

"தங்கை உள்ளே இருந்ததை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அவன் அகப்பையில் ஒட்டியிருந்த கஞ்சியை வழித்தான். "முறைப்படிதான் செய்தேன்" என்று தொடங்கி, மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினாள். பிறகு, "என்னைத் திட்டுங்கள். அதையாவது செய்யுங்கள்," என்றாள்.

சேந்தன் அவள் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அகப்பையைக் கழுவி, பக்கத்தில் நின்ற மருத்துவப் பெண்ணிடம் கொடுத்தான். மீதி அரிசி மூட்டைகளைக் கைகாட்டி அந்தப் பெண்ணிடமே ஒப்படைத்தான். இளவரசிக்குச் செலுத்த வேண்டிய வணக்கத்தைக் குறைவின்றிச் செலுத்தினான். நீரில் இறங்கிப் படகைத் தள்ளி ஏறிக்கொண்டு, கப்பல் நின்ற திசையில் துடுப்பு வலித்துப் போனான்.