தேவயானி வீட்டுச் சிவப்புப் படம்

“நான் திருடி இல்லீங்க ஐயா!” வேலுமணி வீட்டு வாசலில் நின்றபடியே பொற்கொடி அழுதாள். நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பின் அந்த பிளாக்கில் ஐந்து வீடுகளில் வேலை செய்பவள். காலையில் தேவயானி, ‘எங்கள் விலையுயர்ந்த படத்தைப் பொற்கொடி மாற்றிவிட்டாள்’ என்று பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். மதியத்துக்குள் மற்ற வீடுகளிலும் இவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“அவங்க ஊர்ல இல்லாதப்ப சாவி என்கிட்டதான் இருந்துச்சு. செடிக்குத் தண்ணி ஊத்திகினு வந்துடுவேன். கூடத்துப் பக்கமே போவலீங்க.”

சுரங்கக் காவல் பிரிவில் வேலை பார்க்கும் வேலுமணி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். உடனே மறுபடி செருப்பை மாட்டினார். துப்பு என்றால் சோற்றை மறக்கும் அவர் மனைவி காந்திமதி முன்னால் நடந்தாள்.

தேவயானி வீட்டுக் கூடத்தில் ஷோகேஸ் மேல், சுவரில் சாய்ந்திருந்தது அந்தப் படம். நவீன ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதி, ஆன்லைனில் வாங்கியது. படமா அது! மரமில்லை, மனிதனில்லை. சிவப்புக்குள் இரண்டு சிவப்புக் கட்டங்கள், ஒன்று கொஞ்சம் அடர்த்தி. அவ்வளவுதான்.

“அதே சிவப்புதான். ஆனா இது எங்க படமில்ல,” என்றாள் தேவயானி. “அதைப் பார்த்தா மனசு அடங்கும். இதைப் பார்த்தா படபடங்குது.”

“அடர்த்தி மேலே இருந்ததா, கீழேயா?” என்று கேட்டார் வேலுமணி.

“மேலே... இல்ல, கீழே... ஐயோ, தெரியலையே!”

அவள் கணவன் ஜெயகணேஷும் தலையைச் சொறிந்தான்.

தீபாவளிக்குத் திருநெல்வேலி போய் நேற்றுத்தான் திரும்பியிருந்தார்கள். பூட்டிய வீட்டில் நிலக்கரித் தூசி படிந்திருந்தது. வேலுமணி ஷோகேஸைத் தடவினார், விரல் கருத்தது. படத்தின் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

“பார்த்தீங்களா, புதுசு!” என்று துள்ளினாள் காந்திமதி. “சந்தனப் பொட்டுகூட அடிச்சட்டத்துல இருக்கு. அவசரத்துல மாத்தினவங்க வச்சது!”

பொற்கொடிக்கு முகம் வெளுத்தது.

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சது யாரு?” என்று கேட்டார் வேலுமணி.

“நான்தான் சார்,” என்றாள் தேவயானி. “பிரிட்ஜ், ஸ்கூட்டர், இது எல்லாத்துக்கும். இதுக்கு மேல்சட்டத்துல நடுவுல வச்சேன். சந்தனம் தண்ணியாப் போய் வழிஞ்சுது.”

“எந்தப் பக்கம் வழிஞ்சுது?”

“கீழதான் சார்! சந்தனம் மேலேயா வழியும்?”

“இங்கே வழிஞ்சிருக்கே.”

எல்லோரும் குனிந்தார்கள். அடிச்சட்டத்துப் பொட்டிலிருந்து காய்ந்த சந்தனக் கோடு ஒன்று மேல்நோக்கிப் போயிருந்தது.

வேலுமணி படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பொட்டு உச்சிக்குப் போனது, கோடு கீழே இறங்கியது.

“இதான்! இதான் எங்க படம்!” என்று கத்தினாள் தேவயானி.

“ஊர்லேர்ந்து வந்ததும் கண்ணாடியைத் துடைச்சது யாரும்மா?”

“நான்தான். பொற்கொடி சரியாத் துடைக்க மாட்டான்னு நானே எடுத்து... பூஜைப் பொட்டாச்சேன்னு சட்டத்தை மட்டும் தொடாம...” தேவயானி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ! பொற்கொடி, மன்னிச்சுரு.”

“எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சாம்மா?” பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஊருக்கே போட்டீங்களே. அதுலயே போடுங்க.”

தேவயானி போனில் தட்டினாள். காந்திமதியின் போன் சத்தமிட்டது. அவள் உரக்கப் படித்தாள்: “படம் கிடைத்துவிட்டது.”

“காணாமப் போனாத்தானே கிடைக்கும்?” என்றார் வேலுமணி. “நடந்ததைப் போடுங்கம்மா.”

தேவயானி மறுபடி தட்டினாள். போன் மறுபடி சத்தமிட்டது.

“படத்தை யாரும் எடுக்கவில்லை. நான்தான் தலைகீழாக வைத்துவிட்டு, பொற்கொடி மேல் பழி போட்டேன்.”

பொற்கொடி இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். காந்திமதி படித்தாள்.