முதல் பையில் இருந்தவள்

திருமூர்த்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் யார் என்பதுதான் தெரியவில்லை.

சம்மதம் கிடைத்ததில் சந்தேகமே இல்லை. அது அவனுடைய முதல் பையில் பத்திரமாக இருந்தது. கண்ணை மூடி மனதுக்குள் தொட்டுப் பார்த்தால், ‘சம்மதம்’ என்று சுடச்சுடப் பதில் வந்தது. சொன்னவள் யார், எப்படியிருப்பாள், அவளை எங்கே பார்த்தோம் என்பதெல்லாம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி காலியாக இருந்தது.

பை என்றால் சட்டைப் பை அல்ல. கோயம்புத்தூரில் இப்போது எல்லோர் காதுக்குப் பின்னாலும் மல்லி விதையளவு திறனழைப்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தெரியாத வேலையை மெனக்கெட்டுக் கற்றுக்கொள்கிற வழக்கம் போய்விட்டது. வேலை தெரிந்தவரின் திறனை அழைத்தால் போதும். நீங்கள் உள்ளே ஓரமாகத் தூங்கிவிடுவீர்கள். உங்கள் கையும் வாயும் திறனுக்குச் சொந்தமாகிவிடும். காரியம் முடிந்ததும் அது கிளம்பிப் போகும், நீங்கள் விழித்துக்கொள்வீர்கள்.

ஆனால் யாரிடம் பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று திறனுக்கு எப்படித் தெரியும்? உங்கள் மனதைத் துழாவிக்கொண்டிருக்க அதற்குப் பொறுமை கிடையாது. அதற்கு வேண்டியதையெல்லாம் நீங்களே ஆறு மனப்பைகளில் எடுத்து வைத்துவிட வேண்டும். முதல் பையில் யாரிடம், இரண்டாவதில் யாருக்காக, மூன்றாவதில் என்ன காரியம் என்று வரிசை உண்டு. இதற்கு அழைப்பு மரபு என்று பெயர். சூலூரில் ஒருவர் சமையல் திறனை அழைக்கும் அவசரத்தில் சம்பந்தியையும் கோழியையும் பை மாற்றி வைத்துவிட்டார். கோழிக்கு இலை போட்டு, விசிறி வீசி, ராஜ உபசாரம் நடந்தது. சம்பந்தி மதில் ஏறிக் குதித்ததால் பிழைத்தார்.

திருமூர்த்தி பைகளைச் சரியான வரிசையில்தான் வைத்தான். பீளமேட்டில் பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற வேலை அவனுக்கு. எந்த மோட்டாரிடம் வேண்டுமானாலும் மணிக்கணக்கில் பேசுவான். பெண்களிடம் பேசத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ‘சம்மதம் கேட்கும் திறன்’ ஒன்றைப் பிடித்தான். அது திருப்பூரில் ஓய்வுபெற்ற ஒரு காப்பீட்டு முகவருடையது. எதிரில் இருப்பவர் மறுப்புச் சொல்ல வாய் திறப்பதற்குள் கையெழுத்து வாங்கிவிடுகிற மனிதர் அவர். சம்மதம் கிடைத்த பிறகு ஒரு நொடிகூட நிற்க மாட்டார். நின்றால் மனம் மாறிவிடும் என்பது அவருடைய தொழில் அனுபவம்.

அதனால்தான் திருமூர்த்தி விழித்துக்கொண்டபோது காந்திபுரம் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே ஏறினான் என்று அவனுக்குத் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. கல்யாணம்! சந்தோஷம் தாங்காமல் உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

“எஞ்சாமி!” என்று அம்மா அந்தப் பக்கம் கிட்டத்தட்ட அழுதாள். “பொண்ணு ஆரு கண்ணு?”

“அது வந்துங்கம்மா…” என்று இழுத்தான். “தெரியலீங்கம்மா.”

“தெரியலையா? கட்டிக்கப் போறவ ஆருன்னு தெரியலையா?”

“சம்மதம் சொல்லீட்டாங்கம்மா. அது நிச்சயம்.”

“சொன்னது பொம்பளைதானேடா?” என்று அம்மா கவலையோடு கேட்டாள்.

ஆர்.எஸ்.புரத்தில் மனப்பை பழுது பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ரஹமத்துன்னிசா என்கிற தொழில்நுட்ப அலுவலர் அவனைப் பரிசோதித்தார்.

“எந்தக் கோளாறும் இல்லீங்களே. மெஷின் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு” என்றார்.

“அப்புறம் ஆள் எங்கீங்க போனாங்க?”

“அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல அசெம்ப்ளின்னு ஒரு பாஷை இருந்துச்சுங்க. கம்ப்யூட்டர் மூளைக்குள்ள ரிஜிஸ்டர்னு கையடக்கமா சில இடம் இருக்கும். நம்ம மனப்பை அதைப் பார்த்துத்தான் செஞ்சது. ஒரு வேலையக் கூப்பிடறதுக்கு முன்னால, அதுக்கு வேண்டியத வரிசையா ரிஜிஸ்டர்ல வெச்சிட்டுக் கூப்பிடுவாங்க. முடிஞ்சதும் பதில் முதல் ரிஜிஸ்டர்ல இருக்கும். ஏற்கெனவே அங்க என்ன இருந்துச்சோ அது மேலயே எழுதீரும்.”

“மேலயேவா?”

“ஆமாங்க. நீங்க முதல் பையில வெச்சது அந்தப் பொண்ணை. திரும்பி வந்தது சம்மதம். பொண்ணு இருந்த இடத்துல சம்மதம் உக்காந்துக்குச்சு.” ரஹமத்துன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேணும்னா கூப்பிடறதுக்கு முன்னாடியே ஞாபக அடுக்குல ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கணும். அது கூப்பிடறவங்க பொறுப்பு. எடுத்தீங்களா?”

திருமூர்த்தி எடுக்கவில்லை. யாருமே எடுப்பதில்லை. அடுக்கில் நகல் எடுத்தால் கொஞ்ச நேரம் தலை வலிக்கும். முதல் பையில் பெரும்பாலும் கத்தரிக்காய் விற்பவர்தான் இருப்பார், மறந்தால் மறந்துவிட்டுப் போகிறது என்று விட்டுவிடுவார்கள்.

“இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?”

“தினம் வாங்க, ஓரத்துல ஏதாவது ஒட்டியிருக்கான்னு தேடிப் பார்க்கலாம்” என்ற ரஹமத்துன்னிசா, ஆறுதல் சொல்லும் திறனை அழைத்து, அழகாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினார். மறுநாள் அவன் போனபோது, “வாங்க, புதுசா வர்றீங்களா?” என்றார். ஆறுதல் திறனுக்காக அவனைத்தானே முதல் பையில் வைத்திருந்தார்!

திருமூர்த்திக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த ஊரில் எங்கேயோ ஒருத்தி அவனை நம்பிச் சம்மதம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். ஏமாற்றிவிட்டான் என்று அழுதுகொண்டிருப்பாளோ? ஒருவேளை இவளோ என்று எதிரே வருகிற பெண்களையெல்லாம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். கம்பெனியில் புகார் போனது. மேலாளர் கூப்பிட்டு, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

பழுது பார்க்கும் இடத்தில் காத்திருக்கும்போதுதான் கோகிலவாணி பழக்கமானாள். வங்கியில் வேலை பார்க்கிறவள். அவளும் தினமும் வந்தாள். பரிசோதனைக்காக இருவருடைய அழைப்பிகளையும் அணைத்து வைத்திருந்தார்கள். சொந்த வாயால் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

“உங்களுக்கு என்னங்க கோளாறு?” என்று அவள் கேட்டாள்.

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “பே… பேரம் பேசற திறனுங்க. வெலைய ஏத்திக் கேக்குது” என்றான். “உங்களுக்குங்க?”

“கோலங்க” என்றாள் அவளும் அவசரமாக. “கோணலாப் போகுது.”

இரண்டு பொய்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. நாளாக ஆக, அவன் திக்குகிற இடத்தில் அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். மோட்டார்களைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். அவள் சிரிக்கும்போது திருமூர்த்திக்குத் தான் எதற்காக அங்கே வருகிறோம் என்பதே மறந்துபோனது. பிறகு ஞாபகம் வந்து, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் அவன் வியர்த்து விறுவிறுத்து, எந்தத் திறனையும் அழைக்காமல் கேட்டேவிட்டான். “என்னை… என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்களா?”

கோகிலவாணியின் கண் நிறைந்தது. “பிடிச்சிருக்குதுங்க. ஆனா நான் முன்னாலயே ஒருத்தருக்குச் சம்மதம் சொல்லீட்டனுங்க.”

“யா… யாருங்க அவரு?”

யாரென்று அவளுக்கே தெரியாது. அன்று பதில் சொல்ல வெட்கப்பட்டு ‘நாணத்தோடு சம்மதிக்கும் திறனை’ அழைத்தபோது, கேட்டவனைத்தான் முதல் பையில் வைத்திருந்தாள். அதைச் சொன்னால் தன்னை என்ன பெண் என்று நினைப்பார்? “பேச்சுல மன்னருங்க” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பேச்சு அவளுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. “என் எதிர்காலத்தப் பத்தி அவ்வளவு அக்கறையா யாரும் பேசினதில்லீங்க. நடுவுல ஒரு எடத்துலகூடத் திக்கல. ஆனா சரின்னு சொன்ன உடனே கெளம்பிட்டாருங்க. அப்புறம் வரவேயில்ல.”

திருமூர்த்திக்கு ரத்தம் கொதித்தது. “இப்படி ஒரு பொண்ணைக் காக்க வெச்சிட்டு ஓடிப் போனானா? அவனெல்லாம் மனுசனாங்க? என் கண்ணுல பட்டான்னா சும்மா விட மாட்டேன்!” கோபத்தில் திக்கவே இல்லை. அடிமனதில் பொறாமையும் எரிந்தது. திக்காமல் பேசுகிறவனோடு தன்னால் போட்டி போட முடியுமா?

“அப்படிச் சொல்லாதீங்க, நல்லவராத்தான் இருப்பாருங்க” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“நானும் ஒண்ணு சொல்லோணுங்க” என்றான் அவன் தலையைக் குனிந்துகொண்டு. “எனக்கும் ஒருத்தங்க சம்மதம் சொல்லியிருக்காங்க.”

அவளும் யாரென்று கேட்டாள். “தங்கமான பொண்ணுங்க” என்றான். வேறென்ன சொல்ல முடியும்?

பிறகு கோகிலவாணிதான் வழி சொன்னாள். கொடுத்த வாக்கைச் சத்தமில்லாமல் மீறுவது முறையல்ல. அவரவர் போய், வாக்குக் கொடுத்த ஆளை நேரில் பார்த்து, உள்ளதைச் சொல்லி, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டு விடுதலை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு கல்யாணம். அதுவரைக்கும் ஒருவரை ஒருவர் பார்ப்பதுகூடத் தப்பு.

“சீக்கிரம் வந்துருவீங்கல்லங்க?” என்று கேட்டாள்.

“பார்த்துப் பேச வேண்டியதுதாங்க பாக்கி. வந்தர்றனுங்க” என்றான் திருமூர்த்தி.

அன்று மாலையே அவள் தன் ஆளைத் தேடி உக்கடம் பக்கமும், அவன் தன் ஆளைத் தேடி சரவணம்பட்டிப் பக்கமும் பஸ் ஏறினார்கள். இருவரும் நாணயமானவர்கள். ஆகவே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.